பால் வற்றாத மரத்தை வெட்டுவதேன்?

ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வாசகர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. நேற்றுவரை பால் கொடுத்த மரங்களை இன்று வரிசை வரிசையாகச் சாய்ப்பார்கள். "பால்தான் இன்னும் வருகிறதே, ஏன் வெட்டுகிறார்கள்?" என்று சிறு வயதில் நாமும் கேட்டிருப்போம். "அது ஆபீஸ் கணக்கு, உனக்குப் புரியாது" என்று பெரியவர்கள் வாயை அடைத்திருப்பார்கள்.

இன்று அதே கேள்வியை நம் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்கிறார்கள். மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் நெட்ஃபிளிக்ஸ் போன்ற இணையத் தளங்களில் விண்வெளி, காலப்பயணம் என்று விஞ்ஞானத் தொடர்கள் வருகின்றன. உலகமே பார்க்கிறது. கதை உச்சத்தில் நிற்கும்போது, "அடுத்த பாகம் கிடையாது" என்று அறிவிப்பு வருகிறது. இத்தனை பேர் பார்த்த தொடரை எதற்காக நிறுத்த வேண்டும்?

முதலில் நம் பினாங்கிலேயே எடுக்கப்பட்ட ஒரு தொடரைப் பார்ப்போம். பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சிக்காக 'இந்தியன் சம்மர்ஸ்' என்ற தொடர் தயாரானது. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்துச் சிம்லாவின் கதை அது. ஆனால் படம் பிடித்ததோ இங்கே. நம் கொடிமலையும் ஜோர்ஜ் டவுனின் பழைய கட்டடங்களும் சிம்லாவாக வேடம் போட்டன. கொடிமலையில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய கிராக் ஹோட்டல், துரைமார்கள் கூடும் கிளப்பாக மாறியது. 2015-இல் முதல் பாகம் ஒளியேறியது. ஐந்து பாகங்கள் எடுப்பதாகத் திட்டம். 2016-இல் இரண்டோடு முடிந்துவிட்டது.

அது விஞ்ஞானக் கதையல்ல, காரணமும் மர்மமானதல்ல. செலவு மிகப் பெரிது. இரண்டாம் பாகத்தில் பார்ப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. விளம்பரத்தை நம்பி நடக்கும் நிலையத்துக்குக் கூட்டம் குறைந்தால் கட்டுப்படியாகாது. கடையில் ஆள் வராவிட்டால் கதவைச் சாத்துவதுபோலத்தான்.

ஆனால் ஆள் நிறைந்த கடையையே சாத்தினால்?

'1899' என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 'டார்க்' தொடரைத் தந்த ஜெர்மானிய இணையரின் படைப்பு. 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தது. பல மொழி பேசும் மக்கள் ஒரே கப்பலில் அமெரிக்காவுக்குப் போகும் மர்மக் கதை. வந்த சில நாட்களிலேயே உலக மக்கள் ஏழு கோடி மணி நேரத்துக்கு மேல் பார்த்துத் தள்ளினார்கள். மூன்று பாகங்களில் முடிக்க எண்ணியிருந்தார்கள். 2023 ஜனவரியில், முதல் பாகத்தோடு கதை நின்றது.

இங்கேதான், வாசகர்களே, நாம் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்தில் வாழும் நிலையத்துக்குப் பார்ப்பவர் ஒவ்வொருவரும் வருமானம். சந்தாவில் வாழும் தளத்துக்கு அப்படியில்லை. மாதம் முப்பது வெள்ளி கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொடரைப் பார்த்தாலும் அதே முப்பது. பத்துத் தொடரைப் பார்த்தாலும் அதே முப்பது. நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியவர். ஆகவே எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு கணக்கு முடிவதில்லை. இந்தத் தொடருக்காகப் புதிதாகச் சேர்ந்தவர் எத்தனை பேர்? சந்தாவை நிறுத்த நினைத்தவர்களில் இதற்காக நின்றவர் எத்தனை பேர்? தொடங்கியவர்களில் கடைசிவரை பார்த்தவர் எத்தனை பேர்? இவையே கேள்விகள்.

மொத்த மணிக் கணக்கில், இரண்டு அத்தியாயம் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டுப் போனவரின் நேரமும் சேர்ந்தேயிருக்கும். முதல் பாகத்தையே முடிக்காதவர் இரண்டாம் பாகத்துக்கு வரப்போவதில்லை.

இதற்கு எதிர்த் தட்டில் செலவை வையுங்கள். ஒரு குடும்பக் கதைக்கு ஒரு வீடும் ஒரு சமையலறையும் போதும். விஞ்ஞானக் கதைக்கு இல்லாத உலகத்தையே உண்டாக்க வேண்டும். கப்பல், கருவி, உடை, கணினியில் வரையும் காட்சி என்று பணம் தண்ணீராய் ஓடும். பாகம் ஏற ஏற நடிகர்களின் சம்பளமும் ஏறும். செலவு கூடும்போது புதிதாக வருவோரின் தொகை குறைந்தால் தொடர் தாங்காது. பெரும் செலவுத் தொடருக்குப் பெரும் கூட்டம் வேண்டும் என்பதை நெட்ஃபிளிக்ஸ் தலைவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கூட்டம் நிலைத்தால் விஞ்ஞானக் கதையும் பிழைக்கும். 2016-இல் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' ஐந்து பாகம் ஓடியது.

தோட்டத்துக் கணக்கும் இதுவேதான். பால் வற்றியதால் மரம் சாயவில்லை. அந்த நிலத்தில் செம்பனை நட்டால் அதிகம் மிஞ்சும் என்று ஆபீஸ் புத்தகம் சொன்னதால் சாய்ந்தது.

ஆனால் ஆபீஸ் கணக்கு என்றும் தவறாததா? 'ஸ்டார் டிரெக்' தொடரை 1969-இல் மூன்று பாகத்தோடு நிறுத்தினார்கள். பிறகு மறு ஒளிபரப்பில் அது பெற்ற புகழால் எத்தனை படங்களும் தொடர்களும் கிளைத்தன! 2017-இல் நிறுத்தப்பட்ட 'சென்ஸ்8' தொடருக்கு ரசிகர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். கதையை முடித்துவைக்க 2018-இல் ஒரு நீண்ட இறுதி அத்தியாயம் வந்தது. அதே 2018-இல் ஒரு நிலையம் கைவிட்ட 'தி எக்ஸ்பேன்ஸ்' தொடரை அமேசான் எடுத்து, மேலும் மூன்று பாகம் நடத்தியது.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்? நம்மில் பலருக்கு இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. "பாதியில் நிறுத்திவிடுவார்கள், எல்லாப் பாகமும் வந்து முடியட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று ஒதுக்கி வைக்கிறோம். பட்டவர்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் தொடர் வந்த முதல் சில வாரங்களில் நாம் பார்க்காவிட்டால், ஆபீஸ் புத்தகத்தில் நாம் இல்லாதவர்கள். நிறுத்திவிடுவார்களோ என்று நாம் காத்திருப்பதே, நிறுத்துவதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது.

ஆகவே பிடித்த தொடரை வந்தவுடன் பாருங்கள். தொடங்கியதைக் கடைசிவரை பாருங்கள். நன்றாக இருந்தால் அடுத்த வீட்டாருக்கும் சொல்லுங்கள். அப்படியும் நின்றுபோனால், வருந்தும் பிள்ளையிடம் "உனக்குப் புரியாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நமக்கு அன்று யாரும் சொல்லாத கணக்கை, பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.