கூலி எங்கே போயிற்று?

திருச்சிராப்பள்ளி மன்னார்புரத்தில் தேநீர் அருந்தும் ஒருவர், கடையில் ஒட்டியுள்ள விரைவுக் குறியீட்டைத் திறன்பேசியில் பதிந்து 15 ரூபாய் செலுத்துகிறார். நொடிப்பொழுதில் அது கடைக்காரரின் கணக்கை அடைகிறது. இருவரிடமும் வங்கி ஒரு காசும் கேட்பதில்லை. பணத்தைக் கொண்டு சேர்ப்பதற்குக் கூலி பெறுவது வங்கித் தொழிலின் பழைய வழக்கம். அக்கூலி எங்கே போயிற்று?

வங்கியின் வருவாய் இருவகைப்படும். கடனுக்கு வாங்கும் வட்டிக்கும் வைப்புத்தொகைக்குக் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள வேறுபாடு ஒன்று; சேவைக்குப் பெறும் கட்டணம் மற்றொன்று. பின்னதில், கடன் திரும்பாமற்போகும் இடர் இல்லை. பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், உண்டியல் எழுதிப் பணத்தைக் கடல் கடத்தினர். (திருவரங்கக் கோயிலின் காணிக்கைப் பெட்டியை எண்ணிவிட வேண்டா, இது பணமாற்று முறி.) அப்பணியைப் பின்னாளில் வரைவோலை செய்தது. தேர்வுக் கட்டணத்திற்கு வரிசையில் நின்று வரைவோலை எடுத்த உங்கள் பெற்றோர், தொகையோடு தரகும் கொடுத்தனர்.

தொழில்நுட்பம் முதலில் கட்டண வருவாயைப் பெருக்கவே செய்தது. அட்டையை ஏற்கும் கடைக்காரரின் விற்பனைத் தொகையில் ஒரு சிறு பங்கு வங்கிக்குச் சென்றது. 2016இல் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் யு.பி.ஐ. முறையைத் தொடங்கியது. 2020 சனவரி 1 முதல் அவ்வழியில் பணம் பெறும் வணிகரிடம் கட்டணம் வாங்கலாகாது என அரசு விதித்தது. ஈடாக, சிறுவணிகர் பெறும் 2,000 ரூபாய் வரையிலான தொகைகளுக்கு 0.15 விழுக்காடு ஊக்கத்தொகை வழங்க, 2024-25ஆம் ஆண்டிற்கு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் ஒப்புதல் பெற்றது. மேற்சொன்ன தேநீருக்கு அது இரண்டே கால் காசு! அதையும் வங்கிகளும் செயலி நடத்துவோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

கணினிகளுக்கும் இணையப் பாதுகாப்பிற்கும் ஆகும் செலவோ குறையவில்லை. ஆகவே கட்டணம் இடம்பெயர்ந்தது. தானியங்கிப் பண இயந்திரத்தில் இலவச வரம்பைக் கடந்தால், 2025 மே முதல் ஒவ்வொரு முறையும் வரி நீங்கலாக 23 ரூபாய் வரை வாங்கலாம். பணவரவை உரக்க அறிவிக்கும் ஒலிபெருக்கிக்குக் கடைக்காரர் பலர் மாத வாடகை தருகின்றனர். காப்பீட்டுத் திட்டங்களை விற்பதாலும் வங்கிக்குத் தரகு கிடைக்கிறது. வைப்புநிதி நாடி வந்த முதியவர் காப்பீட்டுப் பத்திரத்தோடு வீடு திரும்புவதற்கு இத்தேவையும் ஒரு காரணம் எனலாம்.

எனினும் இலவசச் சேவையால் வங்கி அடையும் பயன் ஒன்றுண்டு. கணக்கேடு எழுதாத தேநீர்க் கடைக்காரரின் அன்றாட வரவும் இப்போது வங்கிப் பதிவில் நிற்கிறது. அதனைக் கண்டு, ஈடின்றியே அவருக்குச் சிறுகடன் வழங்க முடிகிறது. அக்கடனுக்கு வட்டி உண்டு. திரும்பாமற்போகும் இடரும் உண்டு.