நெடுந்தூரத் துப்பாக்கி சுடுதலில் மின்னணு இலக்குகள்

2024 ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளன்று, பாரிஸ் ஒலிம்பிக் விளையாட்டுகளின் 50 மீட்டர் மூன்று நிலை ரைபிள் போட்டியில், கோலாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த சுவப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் பெற்றார். குர்லா வழியே நாள்தோறும் மின்ரயில்களை இயக்கிவரும் மத்திய ரயில்வேயில் பயணச்சீட்டுப் பரிசோதகராகப் பணியாற்றியவர் அவர். அன்று அவர் பெற்ற புள்ளிகள் 451.4. இவ்வெண்ணின் இறுதியில் நிற்கும் பின்னத்தைப் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். காகித இலக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்து இப்பின்னத்தைக் கணக்கிட இயலாது. இலக்கின் பின்னால் அமைந்த கருவி ஒன்று, குண்டு கடந்து சென்ற இடத்தை மில்லிமீட்டரின் பகுதிகளாக அளந்து தருவதனால்தான் இத்தகைய மதிப்பீடு அப்போதைக்கப்போதே கிட்டுகிறது.

துப்பாக்கி சுடுதலில் சுடுபவரின் திறன் ஒருபுறமிருக்க, அவர் சுட்ட குண்டு எங்கே பட்டது என்பதைப் பிழையற அறியும் ஏற்பாடும் போட்டியின் நேர்மைக்கு இன்றியமையாதது. இலக்குக்கும் சுடுபவருக்கும் இடையேயுள்ள தூரம் கூடக்கூட இந்த ஏற்பாடு கடினமாகிறது. நெடுந்தூரப் போட்டிகள் 300 மீட்டரில் தொடங்கி 1000 கெஜம் வரை, அதாவது 914 மீட்டர் வரை நடைபெறுகின்றன. குர்லா நிலையத்தில் நிற்கும் பன்னிரண்டு பெட்டி மின்ரயில்கள் ஏறத்தாழ மூன்றரையை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ, அவ்வளவு தூரம் இது. அந்தக் கோடியில் ஒரு தாளில் விழுந்த பென்சில் பருமனுள்ள துளையை இந்தக் கோடியிலிருந்து காண்பது எங்ஙனம்?

குழியில் இருந்தவர்கள்

இதற்கு நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரே விடைதான் இருந்தது. இலக்குகளுக்குக் கீழே ஆழமான குழி ஒன்று வெட்டி, அதன் முன்புறம் மண்மேடு எழுப்பி, உள்ளே ஆட்களை அமர்த்துவார்கள். மரச்சட்டத்தில் ஒட்டிய இலக்கு, சகடையின் உதவியால் மேலே ஏறும், கீழே இறங்கும். குண்டு பாய்ந்ததும் குழியில் உள்ளவர் இலக்கை இறக்கி, துளையில் வண்ண வட்டு ஒன்றைச் செருகி, முந்தைய துளையைக் காகிதத் துண்டால் ஒட்டி மூடி, மீண்டும் உயர்த்துவார். சுடுபவர் தொலைநோக்கி வழியே அந்த வட்டைக் கண்டு தம் குறியைத் திருத்திக்கொள்வார். தேர்ந்த ஆட்கள் இருந்தால் இவ்வளவும் சில விநாடிகளில் முடியும். களைத்த ஆட்கள் என்றால் ஒரு நிமிடம்கூட ஆகும். தலைக்கு மேலே குண்டுகள் ஒலிவேகத்தை மிஞ்சிப் பறக்க, வெயிலிலும் மழையிலும் நாள் முழுவதும் செய்ய வேண்டிய வேலை இது. போட்டியின் முடிவு, பெயர் வெளிவராத இந்த மனிதர்களின் கையில்தான் பெரிதும் இருந்தது.

குறுந்தூரப் போட்டிகளில் குழிக்குத் தேவையில்லை. ஆனால் அங்கு வேறொரு தொல்லை. 10 மீட்டர் காற்று ரைபிள் போட்டியில் ஒரு தாளுக்கு ஒரு குண்டு என்று விதி இருந்ததால், அறுபது குண்டுகளுக்கு அறுபது தாள்கள் வேண்டும். சுட்ட தாள்களைச் சேகரித்து, அளவுக்கோலைத் துளையில் செருகி, கோட்டைத் தொட்டதா இல்லையா என்று நடுவர்கள் முடிவு செய்யும்வரை வீரர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒலியைக் கொண்டு இடம் அறிதல்

மின்னணு இலக்கின் அடிப்படை எளிது. ஒலிவேகத்தை விஞ்சிச் செல்லும் குண்டு, படகின் முன்முனை நீரில் எழுப்பும் அலையைப்போல, காற்றில் கூம்பு வடிவமான அதிர்ச்சியலையை எழுப்பிச் செல்கிறது. இலக்கின் மூலைகளில் பொருத்திய ஒலிவாங்கிகளை இந்த அலை ஒரே கணத்தில் அடைவதில்லை. குண்டு எந்த மூலைக்கு அருகில் சென்றதோ, அந்த ஒலிவாங்கி முதலில் கேட்கும். எதிர்மூலையில் உள்ளது கடைசியில் கேட்கும். இந்த நேர வேறுபாடுகளிலிருந்து குண்டு சென்ற புள்ளியைக் கணிப்பொறி கணக்கிட்டுவிடுகிறது. இடியோசை கேட்க ஆன நேரத்தை எண்ணி மின்னல் வெட்டிய தூரத்தைக் கிராமத்துப் பெரியவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். வேறுபாடு நுட்பத்தில்தான் உள்ளது.

20 டிகிரி செல்சியசு வெப்பநிலையில் ஒலி ஒரு விநாடிக்கு 343 மீட்டர் செல்கிறது. ஆகவே ஒரு மில்லிமீட்டரைக் கடக்க அதற்கு ஆகும் நேரம், விநாடியைப் பத்து இலட்சம் பங்கிட்டால் அதில் மூன்று பங்கிற்கும் குறைவு. கருவியிலுள்ள கடிகாரம் இதையும்விட நுண்ணியதாக இருத்தல் வேண்டும். மேலும் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் ஒலிவேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது. காலை 22 டிகிரியில் சரிபார்த்த இலக்கு நண்பகல் 35 டிகிரியிலும் அதே அளவைத் தரவேண்டுமானால், வெப்பநிலையைத் தானே அறிந்து கணக்கைத் திருத்திக்கொள்ளும் உணர்வியும் அதில் இருந்தாக வேண்டும்.

காற்று ரைபிளின் ஈயக்குண்டு ஒலியைவிட மெதுவாகச் செல்வதால் அதிர்ச்சியலை எழுவதில்லை. அதனால் அங்கு, குண்டு தாளையோ ரப்பர்த் திரையையோ துளைக்கும் ஓசையை அளக்கிறார்கள். அல்லது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ச்சி, குண்டு எந்தக் கதிர்களை மறைத்தது என்று பார்க்கிறார்கள். பின்னதில் வெப்பநிலையின் தொல்லை இல்லை.

இத்தனை நுட்பம் தேவைதானா என்ற ஐயம் எழலாம். 10 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்துப் புள்ளிக்குரிய மையம் அரை மில்லிமீட்டர் விட்டமே உள்ளது. குண்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். பத்தாவது பங்குப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் இடைவெளி கால் மில்லிமீட்டர். 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் கடைசிக் குண்டுக்கு முன்னர் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹேக்கினனும் 689.7 என்ற சமநிலையில் இருந்தனர். பிந்த்ரா 10.8 சுட்டார், குண்டின் நடுப்புள்ளி மையத்திலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் விழுந்தது என்பது இதன் பொருள். ஹேக்கினன் 9.7 சுட்டு மூன்றாமிடத்திற்கு இறங்கினார்; அவர் விலகியது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் இந்த அளவில்தான் தீர்மானமாயிற்று. 2013 முதல் காற்று ரைபிளின் தகுதிச் சுற்றிலும் பின்னப்புள்ளிகளே கணக்கிடப்படுவதால், முழு எண்ணை மட்டும் அறிந்து பயிற்சி பெறும் ஒருவர் தம் உண்மையான நிலையை அறியாமலே போட்டிக்குச் செல்ல நேரிடுகிறது.

காற்றும் கணக்கும்

தூரம் கூடும்போது சிக்கல்களின் தன்மையே மாறுகிறது. 1000 கெஜத்தைக் கடக்கக் குண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகிறது. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகமுள்ள பக்கக்காற்று, வழக்கமான 7.62 மில்லிமீட்டர் குண்டை அந்தத் தூரத்தில் 2 மீட்டருக்கும் மேலாகத் தள்ளிவிடும். ஆகவே நெடுந்தூரப் போட்டி என்பது பெரும்பாலும் கொடிகளின் அசைவையும் கானலின் ஓட்டத்தையும் கண்டு காற்றைக் கணிக்கும் போட்டியே.

காற்று குண்டை மட்டுமன்றி ஒலியையும் தள்ளுகிறது. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது, ஒலி ஒரு மீட்டர் செல்வதற்குள் அலை ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். திறந்த சட்டத்தில் ஒலிவாங்கிகளை மட்டும் பொருத்திய மலிவான இலக்குகளில் இது பிழையாகப் புகக்கூடும். முன்னும் பின்னும் ரப்பர் விரிப்புகளால் மூடிய அறைபோன்ற இலக்குகளில் காற்று உட்புகாது. ஆனால் அங்கே அடைபட்ட காற்று வெயிலில் சூடேறி, மேற்பகுதி ஒரு வெப்பநிலையிலும் கீழ்ப்பகுதி வேறொரு வெப்பநிலையிலும் இருக்கும். ஆயிரக்கணக்கான குண்டுகள் துளைத்த விரிப்பை மாற்றவும் வேண்டும். தவிர, 1000 கெஜத்தை எட்டும்போது சில குண்டுகளின் வேகம் ஒலிவேகத்தை ஒட்டித் தணிந்துவிடுகிறது. அதிர்ச்சியலை நலிந்தால் ஒலிவாங்கி குண்டைத் தவறவிடும். நல்ல குண்டு ஒன்று பதிவாகாமலே போவது, சுடுபவருக்கு நேரும் கொடுமைகளுள் பெரியது.

இன்னொரு விளைவை இக்கருவிகளைச் செய்தவர்கள் முதலில் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். 2010களில் ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளின் நெடுந்தூரச் சுடுதளங்களில் இவை பரவியபோது, குழியில் ஆள் இல்லாததால் குண்டு பட்ட இடம் உடனே திரையில் தெரிந்தது. காற்று ஒரே சீராக இருக்கும் சில நொடிகளுக்குள் அடுத்தடுத்துப் பல குண்டுகளைச் சுட்டுவிட இயன்றது. இலக்கு ஏறி இறங்கும்வரை காத்திருந்து, மாறிய காற்றை மீண்டும் கணிக்கும் கலைக்கு அங்கே வேலை குறைந்தது. இதனால் சில போட்டிகளில், இரு குண்டுகளுக்கு இடையே சில விநாடிகள் தாமதித்தே முடிவைக் காட்டும்படி கருவியை அமைக்கிறார்கள். விரைவுக்கென உருவான ஒன்றை வேண்டுமென்றே மெதுவாக்க நேர்ந்தது விந்தைதான். எனினும் விளையாட்டின் சாரத்தைக் காப்பதற்கு இது ஏற்ற முடிவே.

கருவி சொல்வதே முடிவா?

பன்னாட்டுப் போட்டி விதிகள் கருவியைக் கண்மூடி நம்புவதில்லை. இலக்கின் பின்னால் சான்று அட்டை ஒன்று வைக்கப்படுகிறது. தம் குண்டு பதிவாகவில்லை என்று வீரர் முறையிட்டால், நடுவர் குழு அந்த அட்டையையும், கருவியின் நேரப் பதிவையும், அண்டை இலக்குகளையும் பார்த்தே தீர்ப்பளிக்கும். 2004 ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மாத்யூ எமன்ஸ் தெளிவான முன்னிலையில் இருந்தார். கடைசிக் குண்டைச் சுட்டும் அவரது திரையில் எதுவும் தோன்றவில்லை. கருவி பழுதோ என்று முதலில் ஐயம் எழுந்தது. பின்னர் அவர் அடுத்தவரின் இலக்கைச் சுட்டிருப்பது தெரியவந்தது. அக்குண்டுக்குப் புள்ளி இல்லை. தங்கத்தை எட்டியிருந்தவர் எட்டாமிடத்தில் முடித்தார். அங்கே பிழை செய்தது கருவியன்று. ஆயினும் அதை உறுதிப்படுத்தும் வழிமுறை இல்லாதிருந்தால், அந்த முடிவை எவரும் ஏற்றிருக்கமாட்டார்கள்.

நெருக்கமான நகரத்தில்

914 மீட்டர் சுடுதளமும், அதன் பின்னால் பல கிலோமீட்டர் பாதுகாப்பு வெளியும் மும்பை போன்ற நகரத்துக்குள் கிடைக்கக்கூடியவை அல்ல. நம் நாட்டில் 300 மீட்டரும் அதற்கு மேலும் சுடும் வசதி பெரும்பாலும் படைத்துறையிடமே உள்ளது. மவ் நகரிலுள்ள தரைப்படையின் குறிசுடு பிரிவு இதில் முதன்மையானது. 1982 ஆசிய விளையாட்டுகளை ஒட்டித் தில்லியில் அமைந்த கர்ணி சிங் சுடுதளமும், புனேயின் பாலேவாடி வளாகமும் ஒலிம்பிக் தூரங்களுக்கானவை.

ஆனால் 10 மீட்டர் கூடம் குர்லாவிலும் செம்பூரிலும் ஒரு பள்ளியின் மாடியில்கூட அமையக்கூடும். குண்டின் விட்டமும் ஆற்றலும் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கும் காற்று ரைபிளுக்கு 2016 ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கோருவதில்லை. கல்லூரியின் தேசிய மாணவர் படையில் துப்பாக்கியை முதன்முதலாக ஏந்திய மும்பைப் பெண் அஞ்சலி பாகவத், வொர்லியில் மகாராஷ்டிர ரைபிள் சங்கத்தின் சுடுதளத்தில் பயின்று, 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றுக்குச் சென்றார். பெரிய வெளி இல்லாத நகரமும் பெரிய வீரரைத் தர முடிந்தது.

இடையே நிற்பது விலை. மின்னணு இலக்கு ஒன்றின் விலையில் சகடையில் ஓடும் காகித இலக்குகள் பலவற்றை அமைத்துவிடலாம். அடுக்குமாடிகளுக்கும் சாலிகளுக்கும் இடையே வளரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை காகிதத்தில் பயின்று, மாநிலப் போட்டியில்தான் முதன்முதலாகத் திரையைக் காண்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் கண்முன்னே எண் மாறும்போது மனம் தடுமாறுவது இயல்பு. வசதியுள்ள கூடத்தில் பயின்ற பிள்ளைக்கு அந்தத் தடுமாற்றம் எப்போதோ தீர்ந்திருக்கும். ஆகவே இது வெறும் கருவியின் சிக்கல் அன்று, வாய்ப்பின் சிக்கல்.

கூடம்தோறும் எல்லாத் தடங்களையும் மின்னணுவாக்க வேண்டும் என்பதில்லை. அடிப்படை நிலையையும் மூச்சையும் விசை இழுப்பையும் பழக காகிதமே போதும். எண்ணைப் பாராமல் துளைகளின் கூட்டத்தைப் பார்க்கப் பழகுவது தொடக்கநிலையினருக்கு நலம்கூட. பத்துத் தடங்களில் இரண்டை மட்டும் மின்னணுவாக்கி, போட்டிக்கு முந்தைய வாரங்களில் முறைவைத்துப் பயன்படுத்தலாம். பல பள்ளிகள் ஒரு கூடத்தைப் பகிர்ந்துகொண்டால் செலவு மேலும் குறையும்.

பராமரிப்பையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடலோர நகரத்தின் உப்புக்காற்றும் நான்கு மாத மழையின் ஈரமும் மின் இணைப்பு முனைகளை விரைவில் அரிக்கின்றன. ஓடாத ரப்பர்ச் சுருள், தேய்ந்த பற்சக்கரம், வளைந்த சட்டம் ஆகியவையே பெரும்பாலும் இலக்கை முடக்குகின்றன. இவற்றுக்காக வெளிநாட்டு உதிரிப் பாகம் வரும்வரை கூடத்தைப் பூட்டிவைப்பது வீண். குர்லாவிலும் சாக்கிநாகாவிலும் உள்ள கடைசல் பட்டறைகள் இதைவிட நுண்ணிய பாகங்களை அன்றாடம் செய்து தருகின்றன. அளவுப் படம் ஒன்றை இலக்குடன் சேர்த்தே வாங்கி வைத்திருந்தால், பற்சக்கரம் ஒன்றை அங்கேயே கடைந்து மாட்டிவிட முடியும்.