ஈ உட்கார்ந்தால் சிலிர்க்கும், உதைத்தால் அசையாது

மட்டக்குதிரையின் விலாவில் ஓர் ஈ வந்து உட்காரட்டும். அந்த இடத்துத் தோல் மட்டும் படபடவென்று துடித்து ஈயை விரட்டிவிடும். அதற்கென்றே தோலுக்கு அடியில் மெல்லிய தசை ஒன்று விரிந்து கிடக்கிறது. ஈயின் கால் பட்டாலே தெரிகிற உடம்பு அது. அதே விலாவில் பத்து வயதுப் பிள்ளை இரண்டு குதிகாலாலும் ஓங்கி உதைக்கிறது. குதிரை நாலடி வைக்கிறது, நிற்கிறது. மறுபடி உதைத்தால் இன்னும் நாலடி. போன மாதம் வரை துள்ளிக்கொண்டு ஓடியதுதான். “சண்டித்தனம் பண்ணுது சார், நல்லா ரெண்டு போடுங்க” என்பார் லாயத்துக்காரர்.

போடுவதற்கு முன் உள்ளே ஒருமுறை பார்த்துவிடலாம். மட்டக்குதிரை என்றால் தோள்மேட்டில், அதாவது கழுத்தும் முதுகும் சேரும் உயரமான இடத்தில், அளந்து 148 சென்டிமீட்டரைத் தாண்டாத குதிரை. உருவம்தான் சிறியது, எஞ்சின் சிறியதல்ல. சும்மா நிற்கும்போது அதன் இதயம் நிமிடத்துக்கு 30, 40 முறை துடிக்கும். முழு வேகத்தில் ஓடினால் 200ஐத் தாண்டிவிடும். ஐந்து, ஆறு மடங்கு ஏற்றம். நமக்கு மூன்று மடங்கை எட்டுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

அது போதாதென்று மண்ணீரலில் ஒரு ரகசியக் கிடங்கு வேறு. சிவப்பணுக்களில் கணிசமான பங்கைக் குதிரை அங்கே சேமித்து வைத்திருக்கிறது. ஓட வேண்டும் என்றதும் மண்ணீரல் சுருங்கி அவ்வளவையும் இரத்தத்தில் கொட்டுகிறது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 40 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. சைக்கிள் பந்தய வீரர்கள் ஊக்கமருந்து ஏற்றிக்கொண்டு திருட்டுத்தனமாகச் செய்ததைக் குதிரை நேர்மையாகவே, நொடிகளில் செய்துகொள்கிறது. இத்தனை ஏற்பாடும் உள்ள ஒரு பிராணி ‘தெம்பில்லை’ என்று நின்றால் எங்கேயோ ஏதோ சிக்கியிருக்கிறது.

நான் முதலில் வயிற்றைத்தான் சந்தேகிப்பேன். பெரிய குதிரைக்கே இரைப்பையின் கொள்ளளவு 8 முதல் 15 லிட்டர்தான், ஒரு தண்ணீர்க்குடம் அளவு. மட்டத்துக்கு இன்னும் குறைவு. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லைக் கடித்துக்கொண்டே இருப்பதற்கு அமைந்த வயிறு அது. நம் வயிற்றில் சாப்பாட்டை எதிர்பார்த்து அமிலம் கூடும், குறையும். குதிரைக்கு அந்தப் பேச்சே இல்லை, இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிப்பது உமிழ்நீர். நாள் முழுக்க மேயும் குதிரைக்கு ஒரு நாளில் 35 லிட்டருக்கு மேல் ஊறும். ஆனால் நம்மைப்போல் வாசனை பிடித்தால் ஊறாது, மென்றால்தான் ஊறும். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று தீனி போட்டுவிட்டு நடுவில் வெறும் லாயத்தில் கட்டி வைத்தால் என்ன ஆகும்? அமிலம் நிற்காது, உமிழ்நீர் நின்றுவிடும்.

இன்னொரு வேடிக்கை. இரைப்பையின் கீழ்ப்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் உண்டு, மேல்பகுதிக்குக் கிடையாது. நிற்கும்போதும் நடக்கும்போதும் அமிலம் கீழேயே கிடக்கும். குதிரை ஓட்டமெடுத்ததும் வயிற்றுத் தசைகள் இறுகி இரைப்பையை நெருக்கும். அமிலம் மேலே ஏறி, காப்பில்லாத சுவரில் படும். அந்த நேரம் பார்த்து ‘இன்னும் வேகமா’ என்று உதைத்தால், பாவம், அது என்ன செய்யும்? பந்தயக் குதிரைகளில் பாதிக்கு மேல் இப்படி இரைப்பைப் புண் இருப்பதை உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். கால்நடை மருத்துவர் எழுதித் தருவது நமக்குப் பழக்கமான ஒமெப்ரசோல்தான். மருந்தோடு சேர்த்து, ஏறுவதற்கு அரைமணி நேரம் முன்பு ஒரு கை காய்ந்த புல்லைத் தின்ன வைப்பது நல்லது. மென்ற நார் அமிலத்தின் மேல் மெத்தையாகப் படர்ந்து, அது தெறிப்பதைக் குறைக்கும்.

சேணத்தைக் கழற்றிவிட்டு முதுகைத் தடவிப் பாருங்கள். தோள்மேட்டின் இரு பக்கமும் பழுப்பு முடிக்கு நடுவே ஒரு ரூபாய் நாணய அகலத்தில் வெள்ளை முடி கற்றையாக முளைத்திருக்கிறதா? அது நரை இல்லை. சேணம் அந்த இடத்தில் அழுத்தி அழுத்தி, முடிக்கு நிறம் கொடுக்கும் செல்களைக் கொன்றிருக்கிறது. வாங்கும்போது சரியாகப் பொருந்திய சேணம்தான். ஆனால் குதிரை கோடையில் இளைக்கும், மழைக்காலப் புல்லில் பருக்கும், வயதானால் முதுகு தொய்யும். சேணத்தின் உள்மரம் மட்டும் அப்படியே இருக்கும்.

முதுகுத் தோலுக்கு அடியில் பதினெட்டு மார்பு முள்ளெலும்புகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் மேல்நோக்கி ஒரு முள் நீள்கிறது. சவாரிக்காரர் உட்காரும் இடத்தில் இந்த முட்கள் நெருங்கி நிற்பவை. சில குதிரைகளுக்கு ஒன்றோடொன்று உரசவே செய்யும். மருத்துவர்கள் இதற்கு ‘முத்தமிடும் முதுகெலும்பு’ என்று காதல் பெயர் வைத்திருக்கிறார்கள். அனுபவிக்கிற குதிரைக்கு அதில் காதல் ஒன்றும் இல்லை.

எடைக் கணக்கும் உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோவில் எட்டுக் குதிரைகள் மேல் அவற்றின் உடல் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என்று ஏற்றிப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். 20 வரை பெரிய வித்தியாசமில்லை. 25ஐத் தொட்டதும் இதயத்துடிப்பு கூடியது, மறுநாள் தசை வலித்தது. 200 கிலோ மட்டக்குதிரைக்கு 20 சதவீதம் என்றால் சேணத்தையும் சேர்த்து 40 கிலோ. கொடைக்கானல் ஏரிக்கரையில் மட்டக்குதிரைமேல் ஏறி உட்காரும் அப்பாக்களை இந்தத் தராசில் நிறுத்தினால் பாதிப் பேர் இறங்கி நடக்க வேண்டியிருக்கும்.

சரி, வலியா வம்பா என்று எப்படிப் பிரிப்பது? வேட்டையாடப்படும் பிராணிக்கு வலியை மறைப்பது பிறவிக்குணம். நொண்டுவதைக் காட்டிக்கொண்டால் ஓநாய்க்கு இரையாக வேண்டியதுதான். இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் வேலை பார்த்த சூ டைசன் என்ற கால்நடை மருத்துவர் இதற்காகவே சவாரிக் குதிரைகளின் படங்களைத் தன் குழுவோடு அலசினார். நூற்றுக்கும் மேற்பட்ட நடத்தைகளைப் பட்டியலிட்டு, அவற்றை 24ஆக வடிகட்டி 2018இல் வெளியிட்டார். காது ஐந்து நொடிக்கு மேல் பின்னுக்குச் சாய்ந்திருப்பது அதில் ஒன்று. ஐந்து நொடிக்கு மேல் வெறித்த பார்வை, பல்வரிசைகள் விலகி வாய் பத்து நொடிக்கு மேல் திறந்திருப்பது, வாலை வீசிக்கொண்டே இருப்பது எல்லாம் உண்டு. உதைத்தாலொழிய நகராமை, தானாக நின்றுவிடுவது ஆகியவையும் அந்தப் பட்டியலிலேயே இருக்கின்றன. எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். சந்தேகப்பட்ட இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டு மறுபடி ஓட்டிப் பார்த்தபோது அந்த எண்ணிக்கை சட்டென்று இறங்கியது. குணம் கெட்ட குதிரையாக இருந்தால் ஊசிக்குத் திருந்துமா?

வலிக்குச் சம்பந்தமில்லாத சோர்வுகளும் உண்டு. 1880இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் குதிரைகளும் ஒட்டகங்களும் காய்ச்சல் விட்டு விட்டு வந்து மெலிந்து சாவதை ஆராய்ந்தார் கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர். நுண்ணோக்கியில் இரத்தத்தை வைத்துப் பார்த்தால் சாட்டைபோல் நெளியும் ஒற்றைச்செல் உயிரி. கடிக்கும் பெரிய ஈக்கள் அதைப் பரப்புகின்றன. சுர்ரா என்ற இந்த நோய் இந்தியாவில் இன்றும் இருக்கிறது. திடீரென்று மந்தமாகும் குதிரைக்கு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயில் ஊர்களில் உப்பையும் கவனிக்க வேண்டும். நம் வியர்வை இரத்தத்தைவிட நீர்த்தது, குதிரை வியர்வை அப்படியல்ல. தண்ணீரோடு உப்பும் தாராளமாகப் போய்விடும். இரத்தத்தில் உப்பின் செறிவு கூடாததால் மூளைக்குத் தாகச் செய்தியே போகாது. உள்ளே வறண்டிருக்கும் குதிரை வாளித் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். லாயத்தில் ஓர் உப்புக்கட்டியைத் தொங்கவிடுவது நல்லது.

பதினைந்து வயது தாண்டிய குதிரையாக இருந்து, கோடையிலும் குளிர்கால முடி உதிராமல் தொங்கினால், மூளையடிச் சுரப்பியைப் பார்க்க வேண்டும். அதை அடக்கி வைக்கும் டோபமைன் குறைந்துபோவதால் வரும் கோளாறு அது. பார்கின்சன் நோயில் மனிதர்களுக்குக் குறைவதும் அதே டோபமைன்தான். மருந்தும் ஒரு காலத்தில் அந்த நோயாளிகளுக்குக் கொடுத்த பெர்கோலைடுதான்.

குதிரை மந்தமானதும் எல்லோரும் செய்கிற முதல் வைத்தியம் தீனியைக் கூட்டுவது. மட்டக்குதிரைக்கு இது ஆபத்து. ஷெட்லாண்ட் போன்ற இனங்கள் சத்துக் குறைந்த மேட்டுப் புல்லில் பிழைத்து வந்தவை. கிடைத்த ஒவ்வொரு கவளத்தையும் வீணாக்காத உடம்பு. தானியத்தைக் கொட்டினால் இன்சுலின் எகிறும், அது குளம்பைப் பதம் பார்க்கும். குளம்பின் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைப்பவை ஐந்நூறு, அறுநூறு மென்மடிப்புகள். உடல் எடை முழுதும் தொங்குவது அவற்றில்தான். 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆரோக்கியமான மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினை விடாமல் ஏற்றிப் பார்த்தார்கள். மூன்று நாளைக்குள் அந்த மடிப்புகள் அழற்சி கண்டன. கல்தரையில் குறுகிய அடி வைத்து, திரும்பும்போது தயங்கும் குண்டுக் குதிரைக்கு இன்னொரு படி கொள்ளு என்பது எரிகிற வீட்டில் எண்ணெய்.

உடம்பு சரியாகிவிட்ட பிறகும் சில குதிரைகள் நகராது. அங்கே குற்றவாளி பெரும்பாலும் மேலே உட்கார்ந்திருப்பவர். காலால் அழுத்தினால் குதிரை கற்றுக்கொள்வதில்லை. நகர்ந்ததும் அழுத்தம் நீங்குகிறதே, அதில்தான் கற்கிறது. நகர்ந்த பிறகும் ஒவ்வோர் அடிக்கும் உதைத்துக்கொண்டிருந்தால் நடந்தாலும் உதை, நின்றாலும் உதை. அர்த்தமில்லாத சைகையை மூளை கழித்துவிடும். எனவே மெல்ல ஒருமுறை அழுத்த வேண்டும். அசையாவிட்டால் பிரம்பால் லேசாக ஒரு தட்டு. முதல் அடி எடுத்து வைத்த கணமே காலைத் தளர்த்திவிட வேண்டும். ஒரே வட்டத்தில் சுற்றிச் சலித்த குதிரையை வெளியே மேட்டுப்பாதையில் கூட்டிப்போனால் பாதி வேலை முடிந்தது.

இதையெல்லாம் குதிரையிடமே கேட்க முடிந்தால்? நார்வேயில் கேட்டார்கள். படுக்கைக்கோடு போட்ட பலகை என்றால் ‘கம்பளியைப் போர்த்து’, செங்குத்துக்கோடு என்றால் ‘கழற்று’, வெறும் வெள்ளைப் பலகை என்றால் ‘இருப்பது போலவே இருக்கட்டும்’. 23 குதிரைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் அத்தனையும் கற்றுக்கொண்டன. வெயில் நாளில் மூக்கால் தொட்டுக் கழற்றச் சொன்னன, மழையிலும் குளிர்காற்றிலும் போர்த்தச் சொன்னன. 2016இல் வெளியான ஆய்வு இது. சேணம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும் நான்காவது பலகை மட்டும் அங்கே வைக்கப்படவில்லை.