கொரிய எழுத்தின் தோற்றம்: மன்னர் செஜோங்கும் எழுத்துரிமையும்

உலகின் எழுத்து முறைகளுட் பெரும்பாலானவற்றின் தோற்றம் காலத்தின் இருளில் மறைந்து கிடக்கின்றது. யார் ஆக்கினர், எப்போது ஆக்கினர், எதற்காக ஆக்கினர் என்ற வினாக்களுக்கு ஊகங்களே விடையாகின்றன. கொரிய எழுத்து இதற்கு ஒரு விதிவிலக்கு. கொரிய நாட்காட்டியின்படி 1443ஆம் ஆண்டின் இறுதி மாதத்தில் அது ஆக்கப்பட்டு, 1446இல் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஆக்கியவர் கூறிய காரணம் மட்டுமன்றி, அதனை எதிர்த்தோரின் வாதங்களும் அரசவை ஆண்டேடுகளில் நமக்குக் கிடைக்கின்றன. ஆதலின், இவ்வெழுத்தை ஒரு மன்னரின் மேதைமைக்குச் சான்றாகக் கண்டு வியப்பதோடு அமையாது, எழுத்து எவர் உடைமை என்பது பற்றிய ஒரு சமூக வழக்காகவும் அதனை நோக்குதல் தகும்.

1392இல் நிறுவப்பெற்ற ஜோசோன் வமிசத்தின் நான்காம் மன்னர் செஜோங் (ஆட்சிக்காலம் 1418–1450). கன்பூசிய நெறியை அரச கோட்பாடாகக் கொண்ட அச்சமுதாயத்தின் உச்சியில் யாங்பான் எனப்பட்ட கற்ற உயர்குடியினர் இருந்தனர். அடியில் உழவரும் அடிமைகளும் இருந்தனர். இவர்களைப் பிரித்த வேலிகளுள் நிலவுடைமைக்கு அடுத்ததாகச் சீன எழுத்தறிவைக் கூறலாம். தமிழைப் போலவே கொரிய மொழியும் விகுதிகளை ஒட்டிப் பொருளுணர்த்தும் ஒட்டுநிலை மொழி. சீனமோ அத்தகையதன்று. எனவே கொரியர் தம் மொழியிற் பேசி, வேறொரு மொழியில் எழுதினர். கொரிய விகுதிகளைச் சீன எழுத்துக்களால் குறிக்கும் 'இடு' என்னும் முறை எழுதுவினைஞரிடையே வழங்கிற்று. ஆயினும் அதற்கும் சீன எழுத்தறிவு வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான எழுத்துக்களைப் பயில்வதற்கு வேண்டிய ஓய்வு எவருக்கு இருந்ததென்று சொல்ல வேண்டியதில்லை.

செஜோங் சீர்திருத்த நாட்டமுடையவர் என்பதில் ஐயமில்லை. 1420இல் அறிஞர் மன்றமொன்றை அரண்மனையில் அமைத்தார். அனுபவமிக்க உழவரிடம் செய்தி திரட்டி 1429இல் வேளாண்மை நூலொன்றை வெளியிடச் செய்தார். 1430இல் நிலவரித் திட்டமொன்றைப் பற்றி அதிகாரி முதல் உழவர் வரை ஏறத்தாழ 170,000 பேரிடம் கருத்துக் கேட்டார். 98,657 பேர் ஆதரிக்க, 74,149 பேர் எதிர்த்தனர். அரச அடிமைப் பெண்களுக்கு மகப்பேற்றின் பின் 100 நாள் ஓய்வு வழங்க 1426இல் ஆணையிட்டார். ஆனால் அடிமை முறையை அவர் ஒழித்தாரல்லர். உழவரிடம் கேட்டு எழுதிய வேளாண்மை நூலும் சீன மொழியிலேயே அமைந்தது. உழவர் சொன்னதை உழவர் படிக்க முடியவில்லை.

1428இல் ஜின்ஜு என்னுமிடத்தில் ஒருவன் தன் தந்தையைக் கொன்றான். அதிர்ச்சியுற்ற மன்னர், நன்னடத்தைக்கு எடுத்துக்காட்டான வரலாறுகளைத் தொகுத்து 1434இல் வெளியிடச் செய்தார். அந்நூலுக்குப் படங்கள் வரையப்பட்டன. படிக்க இயலாதவர் பார்த்தாவது உணரட்டும் என்பது நோக்கம். புதிய எழுத்தின் வித்து இங்கே உள்ளதெனலாம். அவ்வெழுத்துக்கு அவர் இட்ட 'ஹுன்மின் ஜொங்உம்' என்ற பெயர், மக்களுக்குக் கற்பித்தற்கான திருத்தமான ஒலிகள் எனப் பொருள்படும். தம் நாட்டு மொழி சீனத்தினின்றும் வேறுபட்டதென்றும், சொல்லக் கருதியதைச் சொல்ல இயலாத எளியோர்க்கு இரங்கியே 28 எழுத்துக்களை அமைத்ததாகவும் முன்னுரையில் அவர் கூறுகின்றார். குடிகளை ஒழுங்கு படுத்த விரும்பும் ஆட்சியாளரின் குரலும், அவர்கள் வாய்திறக்க வேண்டுமென விரும்பும் மனிதரின் குரலும் இதில் ஒருங்கே கேட்கின்றன.

28 எழுத்துக்களுள் 17 மெய், 11 உயிர். 'க' ஒலியின் வடிவம் அடிநா தொண்டையை அடைப்பதையும், 'ந' ஒலியின் வடிவம் நுனிநா மேலண்ணத்தைத் தொடுவதையும், 'ம' ஒலியின் வடிவம் வாயையும் காட்டுவன. 'ந' வடிவத்தோடு ஒரு கோடு சேரின் 'த' பிறக்கும். மேலும் ஒரு கோடு சேரின் மூச்சொலியோடு கூடிய 'த' பிறக்கும். ஒலியின் உறவு வடிவத்திலும் தெரிகின்றது. உயிர்களுக்கு வானைக் குறிக்கும் புள்ளி, நிலத்தைக் குறிக்கும் கிடைக்கோடு, மனிதனைக் குறிக்கும் நிலைக்கோடு ஆகிய மூன்றும் அடிப்படை. தொல்காப்பியப் பிறப்பியலைப் பயின்றோர்க்குப் பிறப்பிடத்தால் ஒலிகளை வகுக்கும் இம்முறை அயலானதாகத் தோன்றாது. பௌத்தத்தோடு சீனம் சென்ற இந்திய ஒலியியல், சீன ஒலிநூல்கள் வழியாகக் கொரியாவை எட்டியிருந்தது. மொங்கோலியரின் பாக்ஸ்பா எழுத்தும் சில வடிவங்களுக்கு ஊற்றாயிற்று என்பது கரி லெட்யார்ட் முன்வைத்த கருத்து. இவை செஜோங்கின் பெருமையைக் குறைப்பனவல்ல. வெற்றிடத்தில் எவரும் எதையும் ஆக்குவதில்லை.

1444இல் அறிஞர் மன்றத்தின் முதன்மையாளருள் ஒருவரான சோய் மல்லி, வேறு அறுவருடன் சேர்ந்து எதிர்ப்பு விண்ணப்பம் சமர்ப்பித்தார். தனி எழுத்து வைத்திருப்போர் மொங்கோலியர், யப்பானியர், திபெத்தியர் போன்ற நாகரிகமற்றோரே என்பது அவர் வாதங்களுள் ஒன்று. இதனை எள்ளி நகைத்தல் எளிது. ஆனால் மற்றிரு வாதங்கள் கூர்மையானவை. இருபத்துச் சொச்சம் எழுத்துக்களைக் கற்றே ஒருவன் பதவி பெறலாமாயின், சான்றோர் நூல்களை வருந்திக் கற்பவர் யார் என்று அவர் கேட்டார். ஓர் உயர்குடி தன் அச்சத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன இடங்கள் வரலாற்றில் அரியன. அடுத்து, வழக்குகளில் நீதி கிடைக்க எழுத்து உதவும் என்ற வாதத்தை மறுத்தார். பேச்சும் எழுத்தும் ஒன்றாயுள்ள சீனத்திலும் அநீதித் தீர்ப்புகள் மிகுதி. கொரியாவிலும் தன் வாக்குமூலத்தைத் தானே படித்துப் பொய்யெனக் கண்ட கைதி, அடிக்கு அஞ்சி உடன்படுகின்றான். குறை சிறையதிகாரியிடமே உள்ளது என்றார். பிற்போக்காளர் ஒருவர் சொன்னதாயினும் இது உண்மை. மன்னர் அவர்களுடைய ஒலிநூல் அறிவை வினவிக் கடிந்து, ஒருநாள் சிறையிலிட்டு விடுவித்தார். அவ்வாதத்துக்கு முழுமையான விடை அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

விடை வேறிடத்திலிருந்து வந்தது. புதிய எழுத்தில் அமைந்த முதற் பேரிலக்கியம் அரச வமிசத்தின் முன்னோரைப் போற்றும் பாடற்றொகுதி (1447). ஆனால் 1449இல், செஜோங் உயிரோடிருக்கையிலேயே, ஓர் உயர் அமைச்சரைக் கண்டித்து அதே எழுத்திற் சுவரொட்டி தோன்றியது. கேட்பதற்காகத் தரப்பட்ட கருவி பேசத் தொடங்கிவிட்டது. 1504இல் தம்மைக் கண்டித்த எழுத்துக்களால் வெகுண்ட மன்னர் யொன்சன், அவ்வெழுத்தைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடைசெய்தார். கற்றோர் அதனை 'இழிவழக்கு எழுத்து' என இகழ்ந்தனர். பெண்கள் கடிதங்களிலும் கதைகளிலும் அதனைக் காத்தனர். 1592இல் யப்பானியப் படையெடுப்பு நேர்ந்தபோது, சிதறிய மக்களை அழைக்க மன்னர் சொன்ஜோ அடுத்த ஆண்டில் அவ்வெழுத்திலேயே ஆணை விடுக்க நேர்ந்தது. ஆபத்தில் மட்டும் நினைவுக்கு வரும் எழுத்து!

அரச ஆவணங்களுக்கு அது அடிப்படையாக்கப்பட்டது 1894இற்றான். ஆக்கம் நிகழ்ந்து நான்கரை நூற்றாண்டுகளின் பின். 1896இல் 'சுதந்திரம்' எனப் பொருள்படும் பெயருடைய செய்தித்தாள், தன் கொரியப் பக்கங்களை முழுவதும் அவ்வெழுத்திலேயே, சொற்களுக்கிடையே இடம் விட்டு அச்சிட்டது. 1910இல் கொரியா யப்பானின் குடியேற்ற நாடானது. 1942இல் அகராதி தொகுத்துக் கொண்டிருந்த கொரிய மொழிச் சங்கத்தினர் கைது செய்யப்பட்டனர். இருவர் சிறையில் உயிர்நீத்தனர். சான்றாகக் கைப்பற்றப்பட்ட அகராதியின் கையெழுத்துப்படி, விடுதலைக்குப் பின் 1945 செப்டெம்பரில் சியோல் புகையிரத நிலையக் களஞ்சியமொன்றிற் கண்டெடுக்கப்பட்டது. அதன் முதற்றொகுதி 1947இல் அச்சேறியது.