மழைக்கு முன்னே அடையும் கடன்

பாராடாங்கில் கணவர் சுண்ணாம்புக் குகைக்குப் பயணிகளைப் படகில் அழைத்துச் செல்கிறார். மனைவி நிலம்பூர்த் துறையில் தேநீர்க்கடை நடத்துகிறார் எனக் கொள்வோம். மழைக்காலத்தில் இரு வருவாயும் மெலியும். திருமணத்திற்காக வாங்கிய தனிநபர் கடனும் கடன் அட்டை நிலுவையும் மட்டும் மெலிவதில்லை.

முதலில் எதை அடைப்பது? 50,000 ரூபாய் அட்டை நிலுவைக்கு மாத வட்டி 3.5 விழுக்காடு எனில் 1,750 ரூபாய். ஆண்டுக்கு 12 விழுக்காட்டில் பெற்ற தனிநபர் கடனாயின் அதே தொகைக்கு மாதம் 500 ரூபாயே. மேலும், நிலுவை உள்ளவரை அட்டையில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலச் சலுகை கிடைப்பதில்லை. எனவே சுற்றுலாப் பருவத்தில் மிஞ்சுவது அட்டைக்கே செல்லட்டும்.

ஆனால் கையிருப்பு முழுவதையும் செலுத்திவிடலாகாது. ஜூன் முதலான மூன்று மாதத் தவணைகளை முன்னதாகவே சேமிப்புக் கணக்கில் ஒதுக்குக. தனிநபர் கடனைக் காலத்திற்கு முன் அடைக்க எண்ணினால், அதற்குக் கட்டணம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் இருவரும் சேர்ந்தே படித்துப் பார்க்கவும்.