போர்ட் ஒயின்: பெயரைக் காத்த டூரோ பள்ளத்தாக்கு

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் மளிகை, தானியம், எண்ணெய், பழம், ஜவுளி என்று வணிகம் செய்பவர்கள். அப்படியிருக்க ஒயினைப் பற்றி நம் இதழில் எழுதுவானேன் என்று கேட்கலாம். நாம் எழுத வந்தது குடிப்பதைப் பற்றி அல்ல. ஒரு சரக்கு தன் ஊர்ப் பெயரால் எப்படி விலை பெறுகிறது, கலப்படத்தால் அந்தப் பெயர் எப்படிக் கெடுகிறது, கெட்ட பெயரை மீட்க என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பற்றி. இதற்குப் போர்ச்சுக்கல் நாட்டு டூரோ பள்ளத்தாக்கைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ஆறும் மண்ணும்

டூரோ ஆறு ஸ்பெயினில் தோன்றி, மேற்கே ஓடி, போர்ட்டோ நகரருகே அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. திராட்சை விளையும் பகுதி கடற்கரையில் இல்லை. நகரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. இடையில் மராவ் மலை நின்று கடல் மழையைத் தடுத்துவிடுகிறது. அதனால் குளிர்காலத்தில் கடுங்குளிர், கோடையில் நெருப்பு வெயில்.

இப்பகுதியை மூன்றாகப் பிரிப்பார்கள். மேற்கே மழை அதிகமுள்ள பைஷோ கோர்கோ. நடுவில் சிறந்த தோட்டங்கள் நிறைந்த சீமா கோர்கோ. கிழக்கே ஸ்பெயின் எல்லை வரை வறண்டு கிடக்கும் டூரோ சுப்பீரியோர். மண் என்று சொல்வதற்கு அதிகம் இல்லை. ஏடு ஏடாகப் பிளக்கும் பலகைப் பாறைதான். அதை உடைத்து, மலைச் சரிவில் கல் சுவர் எழுப்பி, படிப்படியாகத் தளம் அமைத்துக் கொடி நட்டிருக்கிறார்கள். கொடியின் வேர் பாறைப் பிளவுக்குள் ஆழமாக இறங்கி நீர் தேடுகிறது. 2001-ல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

திராட்சை வகைகள்

இங்கு நூறுக்கும் மேற்பட்ட ரகங்கள் உண்டு. பழைய தோட்டங்களில் பல ரகங்களைக் கலந்தே நட்டு, ஒன்றாகவே பறித்தார்கள். 1970-களுக்குப் பிறகு நடந்த ஆய்வுகளின் பயனாக ஐந்து கருப்பு ரகங்கள் முதன்மை பெற்றன.

டூரிகா நேஷனல்: சிறிய பழம், தடித்த தோல், அடர்ந்த நிறம். விளைச்சல் குறைவு, மதிப்பு அதிகம்.
டூரிகா பிராங்கா: மிகுதியாகப் பயிராவது இதுவே. நறுமணம் உள்ளது.
டிண்டா ரோரிஸ்: ஸ்பெயினில் டெம்ப்ரனீயோ என்று புகழ்பெற்ற அதே ரகம்.
டிண்டா பரோக்கா: விரைவில் பழுத்துச் சர்க்கரை ஏறும். வெயில் குறைந்த சரிவுக்கு ஏற்றது.
டிண்டோ காவ்: மிகக் குறைந்த விளைச்சல், நெடுநாள் தாங்கும்.

வெள்ளை ரகங்களில் மல்வாசியா பீனா, கோவேயோ, வியோசின்யோ, ரபிகாட்டோ ஆகியவை முக்கியமானவை.

போர்ட் ஆவது எப்படி?

சாதாரண ஒயினில் பழச்சாற்றின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்துச் சாராயமாகிவிடும். போர்ட்டில் அப்படி விடுவதில்லை. கருங்கல் தொட்டியில் பழத்தைக் காலால் மிதித்து (இன்று பெரும்பாலும் இயந்திரம்), இரண்டு மூன்று நாளில் பாதிச் சர்க்கரை மிஞ்சியிருக்கும்போதே, 77 சதவீத வலுவுள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்க்கிறார்கள். சுமார் 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர். ஆக 550 லிட்டர் கொண்ட ஒரு பீப்பாய். நொதித்தல் நின்றுவிடுகிறது, இனிப்பு தங்கிவிடுகிறது, சரக்கும் கெடாது. வழக்கமாக இதன் வலு 19 முதல் 22 சதவீதம்.

இதன் பிறகு வகை பிரிவது வைக்கும் முறையால்தான். காற்றுப் படாமல் பெரிய கலனில் சில ஆண்டு வைத்துப் பழச்சுவையும் செந்நிறமும் மாறாமல் விற்பது ரூபி. சிறிய மரப் பீப்பாயில் பல்லாண்டு வைத்து, நிறம் பழுப்பேறி, உலர்பழச் சுவை வந்த பின் விற்பது டானி. இதில் 10, 20, 30, 40 ஆண்டு என்று வயது குறிப்பார்கள். ஒரே ஆண்டு அறுவடையில் செய்து, குறைந்தது ஏழு ஆண்டு பீப்பாயில் கிடந்த டானிக்குக் கொல்யேட்டா என்று பெயர்.

மிகச் சிறந்த ஆண்டில் மட்டும் அறிவிக்கப்படுவது விண்டேஜ். இரண்டு மூன்று ஆண்டுக்குள் பாட்டிலில் அடைத்து, பிறகு பத்து, இருபது ஆண்டு பாட்டிலிலேயே முதிர விடுவார்கள். நான்கு முதல் ஆறு ஆண்டு கழித்து அடைப்பதற்கு லேட் பாட்டில்ட் விண்டேஜ் என்று பெயர். சாராயம் சேர்க்காத டூரோ ஒயினும் உண்டு. 1952-ல் முதலில் செய்யப்பட்ட பார்க்கா வேல்யா அதற்குப் புகழ் தேடித் தந்தது.

கலப்படமும் எல்லைக் கல்லும்

1703-ல் இங்கிலாந்தும் போர்ச்சுக்கலும் மெத்துவன் உடன்படிக்கை செய்துகொண்டன. பிரெஞ்சு ஒயினைவிடப் போர்ச்சுக்கீசிய ஒயினுக்கு மூன்றில் ஒரு பங்கு தீர்வை குறைந்தது. தேவை பெருகியது, சரக்கு போதவில்லை. வேறு ஊர்ச் சாற்றைக் கலந்தார்கள். நிறத்துக்கு எல்டர் மரத்தின் கருநிறப் பழத்தைச் சேர்த்தார்கள். லண்டன் சந்தையில் பெயர் கெட்டது. 1750-களில் விலை சரிந்தது. வாங்கும் வியாபாரிகள் விவசாயிகளைக் குற்றம் சொன்னார்கள், விவசாயிகள் வியாபாரிகளைக் குற்றம் சொன்னார்கள்.

1756-ல் அமைச்சர் பொம்பால் பிரபு தலையிட்டார். ஒயின் வணிகத்துக்கென ஒரு கம்பெனியை ஏற்படுத்தினார். நல்ல சரக்கு விளையும் நிலத்தை அளந்து கருங்கல் எல்லைக் கற்களை நாட்டச் செய்தார். எல்டர் மரங்களைப் பிடுங்கி எறிய உத்தரவு பிறந்தது. இவ்வாறு சட்டத்தால் எல்லை வகுக்கப்பட்ட உலகின் மிகப் பழைய ஒயின் பகுதிகளில் டூரோவும் ஒன்றானது.

ஆனால் இன்னொரு பக்கத்தையும் நாம் மறக்கலாகாது. போர்ட்டோ நகரில் சில்லறையாக ஒயின் விற்கும் உரிமையும் அந்தக் கம்பெனிக்கே போனது. சிறு கடைக்காரர்களின் பிழைப்பு பறிபோனது. 1757 பிப்ரவரியில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அரசு அதைக் கொடுமையாக அடக்கியது, பலர் தூக்கிலிடப்பட்டார்கள். கலப்படத்தை ஒழிக்க வந்த சட்டம், கலப்படம் செய்யாத கடைக்காரனையும் சேர்த்தே தண்டித்தது. வணிகர்கள் தம் சரக்கின் தரத்தைத் தாமே காக்கத் தவறினால், பிறகு வரும் கட்டுப்பாடு நல்லவன் கெட்டவன் பார்த்து வருவதில்லை.

இன்றைய நிலை

இன்று ஒவ்வொரு தோட்டத்துக்கும் மண், சரிவு, உயரம், கொடியின் வயது முதலியவற்றைப் பார்த்து மதிப்பெண் போட்டுத் தரம் பிரிக்கிறார்கள். அத்தரத்தின்படியே, எவ்வளவு சாற்றைப் போர்ட்டாக மாற்றலாம் என்ற ஒதுக்கீடு ஆண்டுதோறும் கிடைக்கிறது. சரக்கை அரசு நிறுவனம் சுவைத்துப் பார்த்து ஏற்ற பின்பே பாட்டிலின் கழுத்தில் முத்திரைச் சீட்டு ஒட்டப்படும்.

இவ்வளவு காவல் இருந்தும் விற்பனை குறைந்தால் என்ன செய்வது? போர்ட் ஒயினின் தேவை ஆண்டுகளாகவே தேய்ந்து வருகிறது. 2024-ல் ஒதுக்கீடு 90,000 பீப்பாய், 2025-ல் 75,000. ஒதுக்கீட்டுக்குள் வரும் பழத்துக்கு நல்ல விலை. அதே கொடியில் காய்த்து ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்கும் பழத்துக்குச் சொற்ப விலை. செங்குத்துச் சரிவில் கையால் பறிக்க வேண்டிய சிறு விவசாயிக்கு இது கட்டுபடியாவதில்லை. முத்திரை சரக்கின் பெயரைக் காக்கும். வாங்குபவரைத் தேடிக் கொண்டுவருவது வணிகரின் உழைப்புதான்.

நமக்கு என்ன?

போர்ட்டோ, டூரோ என்ற இரு பெயர்களும் நம் நாட்டுப் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டிலும் இடம்பெற்றுள்ளன. அதே பதிவேட்டில்தான் மதுரை மல்லி 2013-லும், கம்பம் பன்னீர் திராட்சை 2023-லும் ஏறின. அதாவது, டூரோ விவசாயியும் கம்பம் விவசாயியும் ஒரே சட்டத்தின் நிழலில் நிற்கிறார்கள்.

வேறு ஊர்ப் பழத்தைக் கம்பம் பழம் என்று கூவி விற்றால் அன்றைக்கு நாலு காசு கூடக் கிடைக்கலாம். அந்தப் பெயர் ஒரு முறை கெட்டால், உண்மையான கம்பம் பழம் வந்து இறங்கும் நாளிலும் வாடிக்கையாளர் நம்ப மாட்டார். டூரோக்காரர்கள் இதை 270 ஆண்டுகளுக்கு முன் பெரும் நஷ்டப்பட்டுக் கற்றார்கள். நாம் நஷ்டப்படாமலே கற்றுக்கொள்ளலாம். கொள்முதல் செய்யும்போது சரக்கு எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டுப் பட்டியலில் எழுதி வாங்குவோம். விற்கும்போது அதே ஊரைச் சொல்லி விற்போம்.