பேஜ்மேக்கரில் தங்கிவிட்ட புத்தகங்கள்

ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி தனக்குள் எழுதி வைப்பது இந்த ஐந்து குறிகளைத்தான். ஜே வரும் இடத்தில் 'த' என்ற வடிவத்தையும், கே வரும் இடத்தில் 'ம' என்ற வடிவத்தையும் வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வரைந்து காட்ட ஆளில்லை. முந்நூறு பக்க நாவலும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கும்.

1990-களிலும் 2000-களிலும் வந்த ஏராளமான தமிழ் நூல்கள் இப்படிப்பட்ட எழுத்துருக்களைக் கொண்டு, பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் பக்கம் கட்டப்பட்டவை. இன்று மறுபதிப்புக்காகப் பழைய குறுந்தட்டைத் தேடி எடுக்கும் பதிப்பாளருக்குக் கோப்பு கிடைத்துவிடுகிறது, புத்தகம் கிடைப்பதில்லை. இது ஏன் நேர்கிறது என்று தெரிந்தால் மீட்கும் வழியும் தெரியும்.

ஆல்டஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 1985-இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளியிட்டது பேஜ்மேக்கர். வெனிஸ் நகரத்து அச்சாளர் ஆல்டஸ் மனூஷியஸின் பெயரைத் தாங்கிய நிறுவனம் அது. ஈயமும் அச்சுக்கோப்பாளரும் இல்லாமல் மேசையிலேயே பக்கம் கட்டலாம் என்று காட்டிய மென்பொருள். நம் ஊர்த் தெருக்களில் 'டி.டி.பி.' என்று பலகை மாட்டிய கடைகள் முளைக்க அதுவும் ஒரு காரணம். 1994-இல் ஆல்டஸை அடோபி வாங்கியது; 1999-இல் இன்டிசைன் என்ற புதிய பக்கம் கட்டும் மென்பொருளைக் கொண்டுவந்தது; 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7-ஓடு அந்த வரிசையை முடித்துக்கொண்டது. தமிழ்ப் பதிப்புலகம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அதிலேயே வேலை செய்தது. கையில் இருந்த எழுத்துருக்கள் எல்லாம் அதில்தான் ஒழுங்காக ஓடின.

வடிவமைப்புக் கோப்பு ஒரு படம் அல்ல. 'இந்தப் பெட்டியை இங்கே வை, இந்த எழுத்துருவில் 11 புள்ளி அளவில் இந்த வரிகளை ஓடவிடு, இந்தப் புகைப்படத்தை இன்ன கோப்புறையிலிருந்து எடுத்துக்கொள்' என்பது போன்ற கட்டளைகளின் தொகுப்பு அது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கு மட்டும் புரியும் குறிகளில் அவற்றை எழுதிக்கொள்கிறது. புதிய பதிப்பில் புதிய வசதி சேரும்போது புதிய குறிகளும் சேரும். அவற்றைக் கேள்விப்பட்டிராத பழைய பதிப்பு, கோப்பைத் திறக்க மறுக்கும். எதிர்த் திசையில் சிக்கல் வேறு. பழைய குறிகளைப் படிக்கும் பகுதியை நிறுவனம் ஒருநாள் தன் மென்பொருளிலிருந்து எடுத்துவிடுகிறது.

பேஜ்மேக்கருக்கு நடந்தது இரண்டாவது. 2012-இல் வந்த சி.எஸ்.6 வரையிலான இன்டிசைன் பதிப்புகள், பேஜ்மேக்கர் 6 முதலான கோப்புகளைத் திறந்து மாற்றித் தந்தன. அதன்பின் வந்த சி.சி. பதிப்புகளில் அந்தக் கதவு இல்லை. ஆகவே ஏணி வைத்து ஏற வேண்டும். பேஜ்மேக்கர் 5 காலத்துக் கோப்பை முதலில் 7-இல் திறந்து சேமிக்க வேண்டும். அதை சி.எஸ்.6-இல் திறந்து இன்டிசைன் கோப்பாக்கினால் புதிய பதிப்புகளுக்குக் கொண்டுபோகலாம். சி.எஸ்.6 இருக்கும் பழைய கணினி ஒன்று உங்கள் அலுவலக மூலையில் கிடந்தால் தயவுசெய்து காயலான் கடைக்குப் போடாதீர்கள். வேறு எதுவும் இல்லாதவர்கள் லிப்ரே ஆபிஸை முயலலாம். 2015 முதல் அது பேஜ்மேக்கர் கோப்புகளை ஓரளவு படிக்கிறது. தன்னார்வலர்கள் அந்தக் கோப்புகளின் குறிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் செய்த வேலை அது.

பேஜ்மேக்கர் கோப்பு மட்டும் இருந்தால் போதாது. பெரிய படங்களை, அதாவது 256 கிலோபைட்டைத் தாண்டியவற்றை, உள்ளே வைத்துக்கொள்ளவா என்று பேஜ்மேக்கர் கேட்கும். பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்லிவிடுவோம். அப்போது கோப்புக்குள் இருப்பது திரைக்கான மங்கலான நிழல் மட்டுமே. அச்சிடத்தக்க படம் வேறு கோப்புறையில் இருக்கும். எழுத்துருவும் அப்படித்தான் வெளியே இருக்கிறது. அதிலும் டைப் 1 வகை எழுத்துருக்களை 2023 ஜனவரியோடு அடோபி கைவிட்டுவிட்டது.

இந்தத் தொல்லைகளுக்கு அச்சகங்கள் கண்ட மருந்து ஒன்று உண்டு: "கர்வ் பண்ணி அனுப்புங்க." கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் எழுத்துகளைத் தேர்ந்து கன்ட்ரோல் கியூ அழுத்தினால் அவை வளைகோடுகளாகிவிடும். எந்தக் கணினியிலும் எழுத்துரு கேட்காது. கோரலின் பதிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஊரில், கல்யாணப் பத்திரிகைக்கும் ஃபிளெக்ஸுக்கும் இது நல்ல வழிதான். ஆனால் ஒரு நூலைக் கர்வ் செய்த கோப்பாக மட்டும் வைத்திருப்பது, என்னைக் கேட்டால், அதைக் கல்லில் செதுக்குவதற்குச் சமம். ஓர் ஒற்றுப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. பி.டி.எஃப். தோற்றத்தை நன்றாகக் காப்பாற்றும்; ஆனால் பழைய எழுத்துருவில் செய்த பி.டி.எஃபிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் மறுபடி அதே ஜே, கே, பி, ஓ.

மீட்கப்பட வேண்டியது எழுத்து. அது யூனிகோடுக்கு வந்துவிட்டால் எந்தக் கணினியிலும் 'த' என்பது 'த'-வாகவே இருக்கும். தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றது. மாற்றித் தர என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் உண்டு. அவற்றிடம் கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பேஜ்மேக்கரிலிருந்து வரிகளை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் எழுத்துருவின் பெயர் தொலைந்துவிடும். நடுவே வரும் ஆங்கிலச் சொல் எது, தமிழ் எது என்று யாராலும் பிரிக்க முடியாது. இரண்டுமே ஆங்கில எழுத்துகள்தானே. பேஜ்மேக்கரின் ஏற்றுமதி வசதியில் ஆர்.டி.எஃப். கோப்பாக எடுத்தால் எழுத்துருப் பெயரும் கூடவே வரும். ஆங்கிலப் பகுதிகளைப் பிரித்து வைத்துவிட்டு மற்றதை மாற்றலாம்.

மாற்றிய பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய எழுத்துருக்கள் பார்வைக்கு இடமிருந்து வலமாக எப்படித் தெரிகிறதோ அப்படியே சேமிப்பவை. 'கொ' என்பதற்குக் கொம்பு, க, கால் என்று மூன்று குறிகள். 'கௌ' என்பதற்குக் கொம்பு, க, அடுத்து ள போன்ற ஒரு குறி. அந்தக் குறியும் உண்மையான 'ள'-வும் பல எழுத்துருக்களில் ஒன்றே. அதனால் கவனமில்லாத மாற்றி, 'வெளியீடு' என்பதை 'வௌியீடு' என்றும் 'வெள்ளை' என்பதை 'வௌ்ளை' என்றும் ஆக்கிவிடும். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிவதால் மெய்ப்புப் பார்ப்பவரும் தாண்டிப் போய்விடுவார். தேடுபொறியில் தேடினால் அந்தச் சொல் அகப்படாது. மாற்றி முடித்ததும் நூல் முழுவதிலும் ஔகாரக் குறியைத் தேடி, 'கௌரவம்', 'மௌனம்' போன்ற சொற்களை விட்டுவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். முந்நூறு பக்கத்துக்கும் ஒரு முற்பகல் போதும்.